அந்தோணியார் சப்பரமும் ஒரு கழுத்துப் பொத்தானும்

சூரியநெல்லிக்கு மேலே, ஜீப் மட்டும் போகிற பாதையில் நாலு கிலோமீட்டர் ஏறினால் வருகிற மேல் டிவிஷனில் ஏசுரத்தினத்தின் பதவி பெரியது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற ஆறு லயங்களுக்கும் தண்ணீர் விடுவது, நிறுத்துவது, பைப் வெடித்தால் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஊர் அவரை வால்வுக்காரர் என்று அழைத்தது. எஸ்டேட் மானேஜர் இல்லாமல் டிவிஷன் ஒரு மாதம்கூட ஓடும், ஓடியும் இருக்கிறது. வால்வுக்காரர் இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டால் ஆறு லயமும் குடத்தோடு ரோட்டில் நிற்கும். இந்த உண்மை அவருக்குத் தெரியும். அதைத் தமக்குத் தெரிந்ததாக அவர் ஒருபோதும் காட்டிக்கொண்டதில்லை. நடையில் மட்டும் சற்றுத் தெரியும்.

ஆனால் அவருடைய உண்மையான பெருமை வால்வில் இல்லை. அது வருடத்துக்கு ஒரு நாள், மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அவருடைய இடது தோளில் வந்து உட்காரும். புனித அந்தோணியாரின் திருநாள் ஜூன் பதின்மூன்று. அப்போது மலையில் பெய்கிற மழையில் அந்தோணியாரே வெளியே வர மாட்டார் என்பதால், திருவிழாவை இரண்டு வாரம் முன்னால் நகர்த்திக்கொள்வது மேல் டிவிஷன் வழக்கம். பரலோகத்தின் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகத் திருவிழாக் கமிட்டி நம்புகிறது. அன்று அந்தோணியார் பவனி வருகிற சப்பரத்தின் முன் இடது தண்டை இருபத்திரண்டு வருடங்களாகத் தூக்குகிறவர் ஏசுரத்தினம்.

முன் இடது தண்டு என்பது சும்மா ஒரு மூங்கில் அல்ல. கல்லுக்கெட்டு வளைவில் சப்பரம் நிற்கும். கீழ்ப் பள்ளத்து லயங்களில் மேலே ஏறி வர முடியாத கிழடு கட்டைகள் உண்டு. அவர்களுக்காக அந்தோணியார் மூன்று முறை தாழ்ந்து எழ வேண்டும். முன் இடது தண்டுக்காரர் கழுத்தை வலப்பக்கமாக முழுக்கத் திருப்பி, தோளுக்கு மேலே அந்தோணியாரின் முகத்தைப் பார்த்து, “தாழ்த்து” என்று மூன்று முறை குரல் கொடுப்பார். அதற்குத்தான் அந்த இடம்.

ஏசுரத்தினம் மூன்று முறையும் குரல் கொடுத்து யாரும் கேட்டு வெகுகாலம் ஆகிறது. சமீபத்துப் பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அவர் கழுத்தைத் திருப்புவார், முதல் “தாழ்த்து” வரும், உடனே முகம் வெளுத்து, கண் மேலே செருகி, முழங்கால் மடங்கும். பின்னால் இரண்டாம் ஆளாக நிற்கிற சுவக்கீன் ஒரு கையால் தண்டையும் இன்னொரு கையால் அத்தானையும் தாங்கிக்கொண்டு மிச்ச இரண்டு தாழ்த்தையும் தானே சொல்லி முடிப்பார். சுவக்கீன் ஏசுரத்தினத்தின் மனைவி இருதயம்மாளின் தம்பி, அதாவது அவருடைய மச்சினர். அரை நிமிடத்தில் ஏசுரத்தினம் கண் விழிப்பார். பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு மதலேனம்மாள் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை நீட்டுவார். அந்தோணியார் தம் வால்வுக்காரரை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போகிறார் என்பது ஊரின் துணிபு. ஏசுரத்தினம் அதை ஒருபோதும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை.

இந்த மயக்கத்துக்கு மருத்துவ ஆதாரமும் இருந்தது. வருடம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் முன்வாசலில் மேசை போட்டு யாரோ நல்லவர்கள் இலவசமாக ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். சப்பரம் தூக்குகிறவர்கள் ஞாயிறுதோறும் தங்கள் சீருடையில்தான் பூசைக்கு வருவார்கள். முழுக்கை வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த காலர், கழுத்துப் பொத்தான் கட்டாயம். ஏசுரத்தினத்தின் சட்டை அவருக்கு முப்பத்தாறு வயதில் தைத்தது. இப்போது ஐம்பத்தெட்டு. இந்த இடைவெளியில் கழுத்து இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது, சட்டை வளரவில்லை. இருந்தாலும் பொத்தானைப் போடும்போது இருதயம்மாள் மூச்சைப் பிடிக்கச் சொல்லுவார், இவரும் பிடிப்பார். பக்திக்குக் கொஞ்சம் இறுக்கம் வேண்டும்தானே.

அந்தச் சட்டையோடு மேசைக்கு முன் உட்கார்ந்து கை நீட்டினால் ஒவ்வொரு வருடமும் அழுத்தம் குறைவு என்றே சொன்னார்கள். மதலேனம்மாள் வைத்தியத்தைத் தம் கையில் எடுத்தார். காலையில் பழைய சோற்று நீத்தண்ணீரில் ஒரு கை உப்பு, மத்தியானம் கருவாடு, சாயங்காலம் தொட்டுக்கொள்ளாமல் நேராகத் தின்ன ஊறுகாய். ஏசுரத்தினம் மூன்று வருடம் ஒரு நாளும் தவறாமல் உப்பைச் சாப்பிட்டு வந்தார். பின்மண்டையில் அடிக்கடி வலித்தது. அது உப்பு போதாததால் என்று முடிவாகி அளவு கூட்டப்பட்டது.

போன வருடம்தான் கோளாறு. கல்லுக்கெட்டு வளைவில் வழக்கமான தொடுதல் நேர்ந்தபோது சுவக்கீனுக்குக் கால் வழுக்கியது. சப்பரம் சாய்ந்து, அந்தோணியாரின் கையில் இருந்த லீலிப்பூத் தண்டும் ஒரு டியூப் லைட்டும் கீழே விழுந்தன. புதிதாக வந்த பங்குச்சாமியார் இளைஞர், கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவர். அருள், தொடுதல் என்று கமிட்டியார் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு, இந்த வருடம் வால்வுக்காரர் டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்தால் தண்டைத் தொடலாம், இல்லாவிட்டால் இரண்டாம் ஆள் முன்னால் வரட்டும் என்று சொன்னார். இரண்டாம் ஆள் என்பது சுவக்கீன். பதினோரு வருடமாகப் பின்னால் நின்று அத்தானின் பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்தவர். சர்டிபிகேட் யோசனையைச் சாமியாரின் காதில் போட்டதும் அவர்தான் என்று ஒரு பேச்சு.

“ஒங்க ஒடம்பு மேல உள்ள பிரியத்துலதான் அத்தான்,” என்று சுவக்கீன் வீட்டுக்கே வந்து சொன்னார். “தண்டு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். ஆளு வேணும்லா.”

“தண்டு நாளைக்கு எங்கிட்டுப் போகும் மாப்ளே? பின்னாடி நிக்கிற ஒன்கிட்டயா?”

இருதயம்மாள் தம்பிக்குப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்து அனுப்பிவைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார்.

ஏப்ரல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஏசுரத்தினம் ஜீப்பில் மலை இறங்கி, ஆரோக்கிய கேந்திரம் என்கிற அரசு ஆசுபத்திரிக்குப் போனார். டாக்டரைப் பார்ப்பது மரியாதைக்குரிய காரியம் என்பதால் கழுத்துப் பொத்தான் சட்டையைப் போட்டிருந்தார். டாக்டர் ஜெஸ்னா மலையாளத்துப் பெண், தோட்டத்து ஆட்களிடம் பேசிப் பேசி ஒருவிதத் தமிழ் சேர்த்துவைத்திருந்தார். ஏசுரத்தினத்தின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி மிஷினை அமுக்கினார். மிஷின் டாக்டர் பக்கம் திரும்பியிருந்ததால் ஏசுரத்தினம் வேறு வழியின்றி எதிரே இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எண்ணைப் படித்தார்: நூற்று எண்பத்து நாலு, கீழே நூற்று எட்டு.

ஏசுரத்தினம் சிரித்தார். தமக்கு லோ பிரஷர் என்றும், பத்து வருடமாக அது ஊருக்கே தெரியும் என்றும், மிஷினை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம் என்றும் யோசனை சொன்னார். டாக்டர் பொறுமையாக இன்னொரு முறை அமுக்கினார். இந்தத் தடவை ஏசுரத்தினம் தம் தொழில் புத்தியைக் காட்டினார். முப்பது வருடம் தண்ணீர்க் குழாய் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? பட்டை இறுக ஆரம்பித்ததும் கழுத்தை வலப்பக்கமாக முழுக்கத் திருப்பி, மிஷினில் எண் ஏறுவதை எட்டிப் பார்த்தார். கோயில் முன்வாசலிலும் அவர் வருடாவருடம் இப்படித்தான் எட்டிப் பார்த்தது. எண் தொண்ணூற்று இரண்டில் நின்றது. நாடி முப்பத்தெட்டு. ஏசுரத்தினத்தின் முகம் சுண்ணாம்புக் கலருக்குப் போயிற்று.

“சேட்டா, அங்கோட்டு நோக்கண்டா, பார்க்க வேண்டாம். நேரே இருங்க,” என்று சொல்லிக்கொண்டே டாக்டர் எழுந்து வந்து கழுத்துப் பொத்தானைப் பிடித்து ஒரே இழுப்பு. அது தெறித்துப் போய் மருந்து அலமாரிக்கு அடியில் விழுந்தது. பொத்தான் போன கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. டாக்டர் மிஷினை நர்ஸின் கையில் கட்டிப் பார்த்தார், தம் கையிலும் கட்டிப் பார்த்தார். மிஷின் யோக்கியமானதுதான். மறுபடி ஏசுரத்தினத்தின் கையில். நூற்று எண்பத்து இரண்டு. ஒரே ஆள், ஒரே நாற்காலி, கால் மணி நேரம், இரண்டு விதமான ரத்த அழுத்தம்.

அப்போது டாக்டருக்குப் புரிந்தது, பிறகு ஏசுரத்தினத்துக்குப் புரிய வேண்டியிருந்தது. அவருக்கு என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், நோட்டின் பின்பக்கத்தில் பைப் லைனே வரைந்துவிட்டார். தாடைக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கத்திலும், தலைக்கு ரத்தம் போகிற குழாயின் சுவரில் ஆளுக்கொரு காவல்காரன் இருக்கிறான். நெஞ்சுக்கு மேலே வளைகிற பெரிய குழாயிலும் இதே ஜாதிக் காவல்காரர்கள் உண்டு. ரத்தம் முட்டிக்கொண்டு வந்தால் குழாயின் சுவர் இழுபடும். இழுபட்டதும் காவல்காரன் மூளையின் அடிவாரத்தில் இருக்கிற ஆபீசுக்குத் தகவல் அனுப்புவான். ஆபீஸ் உடனே இரண்டு உத்தரவு போடும். இதயமே, மெதுவாக அடி. உடம்பு முழுக்க உள்ள சின்னக் குழாய்களே, இறுக்கத்தை விட்டு விரியுங்கள். குழாய் விரிந்தால் அழுத்தம் இறங்கும். குறைந்துபோனால் இதற்கு நேர்மாறான உத்தரவு. நினைத்துச் செய்ய வேண்டியதில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் தானே நடக்கிற காரியம்.

“பைப்பே விரியுமா டாக்டரே?” என்று ஏசுரத்தினம் கேட்டார். அதில் நோயாளியின் பயம் இல்லை. முப்பது வருடம் விரியாத இரும்புக் குழாயோடு மல்லுக்கட்டிய மனிதனின் பொறாமை இருந்தது.

விரியும், சுருங்கும் என்றார் டாக்டர். ஆனால் காவல்காரனுக்கு ஒரு குறை. சுவர் இழுபடுகிறதா என்பதுதான் அவனுக்குத் தெரியும், உள்ளே இருந்து முட்டுவது ரத்தமா, வெளியே இருந்து அமுக்குவது காலரா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வயது ஏறினால் சிலருக்கு அவன் ரொம்பத் துடுக்காகிவிடுவான். அந்த இறுக்கமான காலரோடு கழுத்தைத் திருப்பினால், பிரஷர் உச்சத்துக்குப் போய்விட்டது என்று கூச்சல் போடுவான். ஆபீசும் நம்பிக் குழாய்களை மொத்தமாகத் திறந்துவிடும், இதயத்தை அடக்கிவிடும். தலைக்கு ரத்தம் ஏறாது. ஆள் சரிவார்.

அப்படியானால் நூற்று எண்பதில் இருக்கிற நிஜ அழுத்தத்தை அந்தக் காவல்காரன் ஏன் சொல்லவில்லை என்பது ஏசுரத்தினத்தின் கேள்வி. நியாயமான கேள்வி. அவன் பழகிவிட்டான் என்றார் டாக்டர். அழுத்தம் வருடக்கணக்காக மேலேயே நின்றால், அதுதான் சரியான அளவு போலிருக்கிறது என்று அவன் தன் அளவுக் கோட்டை மேலே நகர்த்தி வைத்துக்கொள்வான். அப்புறம் அந்த உயரத்திலேயே கட்டிக்காப்பான்.

இதைக் கேட்டதும் ஏசுரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். மேல் டிவிஷன் வால்வு ரூமில் ஓர் அழுத்தமானி இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி ஆறாம் எண்ணில் சிவப்புக் கோடு போட்டிருந்தது. முள் எப்போதும் எட்டிலேயே நின்றதால், எட்டு வருடத்துக்கு முன் மகளின் நெயில் பாலிஷை எடுத்து எட்டில் ஒரு புதுக் கோடு போட்டு மனநிம்மதி அடைந்தவர் அவர். மாதம் இரண்டு பைப் வெடிப்பது குளிர் பிரதேசத்து இயற்கை என்று எஸ்டேட் ஆபீசுக்கு எழுதியும் கொடுத்திருந்தார். காவல்காரன் வெளியூர்க்காரன் இல்லை, சொந்தக்காரன்தான் என்று தெரிந்தது.

கடைசியாக, வெகுநேரம் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டார்.

“அப்ப வளைவுல எனக்கு வந்தது அருள் இல்லியா டாக்டரே?”

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். “அது எனக்கு அறியில்லா சேட்டா. கழுத்தைப் பிடிச்சா ப்ரஷர் இறங்கும். அது மாத்திரம் அறியும்.”

சர்டிபிகேட் அன்றைக்குக் கிடைக்கவில்லை. அடிமாலியில் பெரிய ஆசுபத்திரியில் நெஞ்சில் ஒயர் ஒட்டி ஒரு நாள் முழுக்கப் பார்த்தார்கள். இதயத்தில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் ஜெஸ்னா மாத்திரை கொடுத்து, உப்பை வெட்டி, கழுத்தில் எதுவும் இறுகக் கூடாது என்று சொல்லி, நாலு வாரம் கழித்து வரச் சொன்னார். முதல் வாரங்களில் எழுந்து நின்றால் தலை சுற்றும், மெதுவாக எழ வேண்டும், காவல்காரன் புது அளவுக்குப் பழகும் வரை அழுத்தம் குறைகிறதே என்று சத்தம் போடுவான், பயப்பட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

சத்தம் போட்டது காவல்காரன் மட்டுமல்ல. ஊருக்குத் திரும்பிய ஏசுரத்தினம் நேராக வால்வு ரூமுக்குப் போய், நெயில் பாலிஷ் கோட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு, கழிவு வால்வை ஒரு சுற்றுத் திறந்து முள்ளை ஆறுக்கு இறக்கினார். மறுநாள் காலை ஆறு லயமும் திரண்டு வந்தது. தண்ணீர் செத்துப்போய்விட்டது, குழாயில் வேகமே இல்லை, குடத்தில் சத்தம்கூட வரவில்லை என்று புகார். மதலேனம்மாள் முன்னால் நின்றார்.

“இவருக்கு லோ பிரஷர்னா எங்க பைப்புக்கும் லோ பிரஷரா?”

“நாலு வாரம் பொறுங்க மைனி, பழகிரும்,” என்றார் ஏசுரத்தினம், டாக்டரின் அதே முகபாவத்தோடு. பழகிவிட்டது. அந்த நாலு வாரத்தில் ஒரு பைப்கூட வெடிக்கவில்லை. மதலேனம்மாளுக்குத்தான் கஷ்டம். தாம் மூன்று வருடம் ஊட்டிய உப்பு தப்பான பக்கம் போயிருக்கிறது என்பதை அவர் நம்பாமல், டாக்டர் சின்னப் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருந்தாலும் கருவாடு கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். இருதயம்மாள் வேலியோரம் வந்து நின்று பார்த்த பார்வை அப்படி.

நாலாவது வாரம் அளவு நூற்று முப்பத்தெட்டு, கீழே எண்பத்தாறு. காலர் இறுகாமல் சப்பரம் தூக்கலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இப்போது சிக்கல் மருத்துவத்திலிருந்து கமிட்டிக்கு மாறியது. கழுத்துப் பொத்தான் போடாதவர் தண்டைத் தொடக் கூடாது என்பது கமிட்டியின் எழுதப்பட்ட விதி. ஒன்றரை மணி நேரம் கூட்டம் நடந்தது. ஒரு பொத்தானைத் திறந்துவிடலாம் என்று ஒரு கட்சி. இன்றைக்கு ஒரு பொத்தானை விட்டால் நாளைக்குக் கைலியோடு வந்து நிற்பார்கள் என்று சுவக்கீன் கட்சி. சாமியார் இடையில் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். முடிவாக, விதி விதியே, பொத்தான் பொத்தானே என்று தீர்மானம் நிறைவேறியது.

ஏசுரத்தினம் வீட்டுக்கு வந்து தீர்மானத்தைச் சொன்னார். இருபத்திரண்டு வருடம். இருதயம்மாள் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார், சட்டையை எடுத்தார், கத்தரிக்கோலை எடுத்தார். வேட்டிக்குள் போய்விடுகிற அடி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, காலரைப் பிரித்து, பின்கழுத்தில் மூன்று விரற்கடை அகலத்துக்கு ஒட்டுப் போட்டார். தெறித்த பொத்தானுக்குப் பதிலாக வேறொன்றைத் தைத்தார். கால் மணி நேர வேலை.

“போட்டுப் பாருங்க.”

பொத்தான் போட்டிருந்தது. உள்ளே கழுத்து சும்மா இருந்தது, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு.

“இத ஏன் இத்தனை வருஷம் செய்யல?”

“கழுத்து பெருத்துப்போச்சுன்னு நீங்க ஒத்துக்கிட்டாத்தானே?”

திருவிழா அன்று வானம் கருத்திருந்தாலும் மழை இல்லை. அந்தோணியார் ஜோடனையோடு, புது லீலித் தண்டோடு கிளம்பினார். சாமியார் சர்டிபிகேட்டை வாங்கிப் படித்து மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். சுவக்கீன் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விதியில் காலரின் சுற்றளவு எழுதப்பட்டிருக்கவில்லை. ஏசுரத்தினம் இடது தோளைக் கொடுத்தார்.

கல்லுக்கெட்டு வளைவில் சப்பரம் நின்றது. பள்ளத்து லயங்களில் வாசல்தோறும் ஆட்கள். மேலே கூட்டம் மொத்தமும் ஏசுரத்தினத்தைப் பார்த்தது. மதலேனம்மாள் எலுமிச்சைச் சாற்றோடு முன்னால் வந்தார். சுவக்கீன் காலை அகட்டி, கையைத் தயாராக வைத்துக்கொண்டார். ஏசுரத்தினம் கழுத்தை வலப்பக்கமாக முழுக்கத் திருப்பினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

கண் செருகவில்லை, உலகம் வெளுக்கவில்லை. இவ்வளவு கிட்டத்தில் அந்தோணியாரின் முகத்தை அவர் நிதானமாகப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. மோவாயில் பெயிண்ட் உதிர்ந்திருந்தது, அதற்கு யாரோ தப்பான நிறம் தடவியிருந்தார்கள். கையில் இருந்த குழந்தை யேசு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணியாரின் அங்கிக்குக் கழுத்து நல்ல தாராளமாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. ஏசுரத்தினத்தின் கண் கலங்கியது, அது காவல்காரனின் வேலை இல்லை.

“தாழ்த்து,” என்றார். அந்தோணியார் தாழ்ந்து எழுந்தார். “தாழ்த்து.” மறுபடி தாழ்ந்து எழுந்தார். மூன்றாவதுக்குச் சுவக்கீன் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் முன்னாலிருந்து அதுவும் வந்துவிட்டது. திறந்த வாயை அவர் அப்படியே மூடிக்கொண்டார். பள்ளத்தில் ஒரு கிழவர் கை தூக்கிக் கும்பிட்டார்.

இந்த வருடம் திருவிழாவில் அருள் கொஞ்சம் குறைவு என்று பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. சப்பரம் கோயிலில் இறங்கியதும் சுவக்கீன் பக்கத்தில் வந்து நின்றார்.

“மூணையும் நீங்களே சொல்லிட்டீங்க அத்தான்.”

“ஆமா மாப்ளே,” என்றார் ஏசுரத்தினம், தோளைத் தேய்த்துக்கொண்டே. “மூணையும் நானே சொல்லிப் பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. அடுத்த வருஷம் மூணாவத நீ சொல்லு. தொண்டைய வச்சிக்கிட்டு என்ன செய்வ?”

சுவக்கீனின் முகம் இளகியது. மதலேனம்மாள் இன்னும் உப்பு எலுமிச்சைச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றிருந்தார். வால்வுக்காரருக்குக் கொடுக்க மருத்துவத் தடை, கொட்டவும் மனமில்லை. சுவக்கீன் அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சாமியார் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, தம் கழுத்துப் பொத்தானை மெல்லக் கழற்றிவிட்டார்.